ஒரு தெருவில் தொடங்குங்கள்: மதுரையை நடந்து எழுத விரும்பும் மாணவர்களுக்கு

படிப்பதற்காக மதுரைக்கு வருகிறவர்களில் பலருக்கு இந்த ஊரைப் பற்றி எழுத ஆசை இருக்கிறது. எங்கள் விடுதியில் ஒவ்வொரு ஆண்டும் சிலர் தொடங்குகிறார்கள். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ஜிகர்தண்டா என்று மூன்று கட்டுரை வந்ததும் நின்றுவிடுகிறது. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதப் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது என்பது என் எண்ணம். ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போனால் விஷயம் தீரவே தீராது. நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்னமும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைப் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். எழுத வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

நான் கடைப்பிடிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். வேறு ஊரில் படிப்பவர்கள் தெருப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. ஊரின் அமைப்பை உங்கள் கையால் வரையுங்கள்

போனில் வரைபடம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் நடுவே கோயிலைப் போட்டு, சுற்றிலும் சதுரம் சதுரமாக வீதிகளை வரையுங்கள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். இந்தச் சதுரங்கள் மனதில் பதிந்துவிட்டால் பழைய மதுரைக்குள் வழி தவறவே மாட்டீர்கள்.

வரையும்போதே கேள்விகள் வரத் தொடங்கும். சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்று ஊரில் சொல்கிறார்கள். மாதப் பெயர் கொண்ட வீதிகளுக்கு நடுவே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் எப்படி வந்தன? 1840களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடச் செய்தார். ஊர் வெளியே விரிந்தது அப்போதுதான். அந்த வேலையில் ஈடுபட்ட இருவரின் பெயர்களே அந்தத் தெருக்களுக்கு வந்தன. அந்தக் கலெக்டரின் நினைவாக நிறுவியதுதான் விளக்குத்தூண். இன்று "விளக்குத்தூணில் இறக்கி விடுங்க" என்று சொல்லும் எத்தனையோ பேருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர் மட்டுமே.

இப்படி எழும் கேள்விகளைத் தாளின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு கட்டுரைக்கான விதை.

2. ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்

நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிட முடியவேண்டும். அங்கே இன்றும் ஒரு தொழில் உயிரோடு நடக்கவேண்டும். பழைய காலத்தின் அடையாளம் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரியவேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, விளக்குத்தூணிலிருந்து பத்துத்தூண் வழியாக மகால் வரை போகும் பாதை. துணிக்கடைகளுக்கும் ரெடிமேட் கடைகளுக்கும் நடுவே பிரம்மாண்டமான பத்துக் கல்தூண்கள் நிற்கும். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் அவை. அங்கிருந்து மகாலுக்கு நடக்கும்போதுதான் அந்த அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது காலுக்குத் தெரிகிறது. இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால் அதன் ஒரு பகுதிதான். மகாலின் உள்ளே போய்ப் படம் எடுப்பதைவிட இந்த நடையைப் பற்றி எழுதுவது மேல்.

துணி பிடிக்காவிட்டால் நகைக்கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதி இருக்கிறது, பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு இருக்கிறது, பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த காஜிமார் தெரு இருக்கிறது. வரலாறு பிடிக்கும் என்றால் மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது அந்த வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான். அங்கே தொடங்கி, அந்த உடையில் அவர் மக்கள் முன் தோன்றிய காமராசர் சாலை காந்தி பொட்டலுக்குப் போய், தமுக்கம் அருகே ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-ல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகத்தில் முடிக்கலாம். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஆடை மாறிய இடமும் கடைசி ஆடையும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. அரை நாளில் நடந்து முடித்துவிடலாம்.

3. ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் போங்கள்

மதுரையைத் தூங்காநகர் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாயங்காலம் ஆறு மணிக்கே போய்ப் பார்க்கிறார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த நகரத்தைப் பகல், மாலை, இரவின் யாமங்கள், விடியல் என்று நேரம் பிரித்துக் காட்டுகிறார். பகல் சந்தையான நாளங்காடி தனி, இரவுச் சந்தையான அல்லங்காடி தனி. மொத்தம் 782 அடிகள். உரையோடு ஒரு முறை படித்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள். ஊரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

விடியற்காலையைத் தவறவிடாதீர்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெளிச்சம் வரும் முன்பே போனால் மல்லி மூட்டைகள் இறங்குவதைப் பார்க்கலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இங்கே கிலோவில் விலை போகும். தெருவில் அதுவே முழத்துக்கு மாறிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து குறையும். அந்த நேரத்தில் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு "மல்லி விலை இவ்வளவு" என்று எழுதுவதில் பயனில்லை. ஆடியில் ஒரு முறை, தையில் ஒரு முறை போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இரவில் சுற்றுவதைவிட விடியற்காலை எனக்கு வசதியாக இருக்கிறது. விடுதிக் கேட் திறந்துவிடும், டவுன் பஸ் ஓடத் தொடங்கியிருக்கும், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் நமக்குக் காசும் கிடையாது. இரவைப் பற்றி எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் தோழியோடு போங்கள். எந்தத் தெருவில் இருப்பீர்கள் என்பதை விடுதியில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

4. பேசுவதற்கு நேரமும் முறையும் உண்டு

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். புதியவர்கள் அதிகம் தயங்குவதும் இங்கேதான்.

காலையில் கடை திறந்து போணி ஆவதற்கு முன் போய் நின்று கேள்வி கேட்காதீர்கள். முதல் வியாபாரத்துக்கு முன்னால் வாங்காமல் பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் மனம் சுருங்கும். மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று மணிவாக்கில் வியாபாரம் சற்று ஓய்ந்திருக்கும். அப்போது போங்கள். சின்னதாக ஏதாவது வாங்குங்கள். பத்து ரூபாய்ப் பொருளாக இருந்தாலும் போதும்.

அழைப்பதில் கவனம் வேண்டும். மதுரையில் "சார்" என்று கூப்பிட்டால் அதிகாரி வந்ததாக நினைத்து ஒதுங்கிக்கொள்வார்கள். "அண்ணே" என்றால் பேச்சு வளரும். வயதானவர் என்றால் ஐயா. பூ விற்பவர் அக்காவோ அம்மாவோ. பாட்டியைப் பாட்டி என்றே கூப்பிடலாம். நான் இந்தக் கல்லூரியில் படிக்கிறேன், இந்தத் தெருவைப் பற்றி எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படிக்கிற பிள்ளை என்று தெரிந்தால் இந்த ஊரில் நாற்காலி எடுத்துப் போட்டுப் பேசுகிறார்கள். இது நமக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை. அதைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு.

என்ன கேட்பது? "இந்தக் கடையோட வரலாறு என்ன?" என்று கேட்டால் பதில் வராது. வேலையைக் கேளுங்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் வியாபாரம் அதிகம், இந்தக் கத்தரிக்கோலுக்கு என்ன பெயர், இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அப்பாவும் தாத்தாவும் தாமாகவே பேச்சுக்குள் வந்துவிடுவார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. சுங்குடிச் சேலைக் கடையில் "இது கையால முடிச்சுப் போட்டதா, மெழுகு அச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். பழைய சுங்குடி என்பது துணியை நுனி நுனியாகப் பிடித்து நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் நனைப்பது. சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்து செய்துவந்த வேலை. இன்று கடைகளில் குவிந்திருப்பவற்றில் பெரும்பாலானவை அச்சு. 2005-ல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் முடிச்சுப் போடும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்த ஒரு கேள்வியைக் கேட்டதும் கடைக்காரர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும். உள்ளேயிருந்து வேறு சேலையை எடுத்துக்கொண்டு வருவார்.

குரலைப் பதிவு செய்வதென்றால் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைப் பையில் போட்டுவிட்டுக் கேளுங்கள். வெளியே வந்ததும் அருகில் உள்ள டீக்கடையில் உட்கார்ந்து நினைவில் இருப்பதையெல்லாம் எழுதிவிடுங்கள். விடுதிக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் அவர்கள் பேசிய சொற்கள் போய்விடும், கருத்து மட்டும்தான் மிஞ்சும்.

5. கண்டது, கேட்டது, படித்தது

என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது ஓரிடம், பிறர் சொல்லிக் கேட்டது ஓரிடம், புத்தகத்தில் படித்தது ஓரிடம். மூன்றையும் கலந்து எழுதிவிட்டால் பிறகு எது எது என்று பிரிக்கவே முடியாது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். கண்டது: நாற்புறமும் படிக்கட்டு, நடுவே மைய மண்டபம், சாயங்காலம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்து பேசும் குடும்பங்கள், சுண்டல் வண்டி. கேட்டது: மகால் கட்டச் செங்கல்லுக்காக இங்கே மண் தோண்டினார்கள், தோண்டும்போது ஒரு பெரிய பிள்ளையார் கிடைத்தார், அவர்தான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். படித்தது: தெப்பக்குளம் 1645-ல் அமைக்கப்பட்டது, மகால் 1636-ல் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண் எடுத்த பள்ளம் பல ஆண்டுகள் கழித்துக் குளமாக உருப்பெற்றதா? ஆண்டுகளில் ஏதாவது ஒன்று பிசகா? கதை பின்னால் சேர்ந்ததா? இதற்கு நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. "என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று கதையைக் கதையாக எழுதுங்கள், ஆண்டுகளை ஆண்டுகளாக எழுதுங்கள். கதையைத் தூக்கி எறிவதும் தவறு, அதையே வரலாறு என்று அடித்துச் சொல்வதும் தவறு. பிள்ளையாருக்குப் பெரிய கொழுக்கட்டை படைக்கும் ஊருக்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பது முக்கியமான விஷயம்.

படிப்பதற்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நாள் முழுக்க உட்காரலாம். கல்வெட்டு, கோயில் பற்றிய நூல்களை அங்கே தேடுங்கள். உங்கள் கல்லூரித் தமிழ்த்துறையிலோ வரலாற்றுத் துறையிலோ ஓர் ஆசிரியரிடம் "இந்தத் தெருவைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு வழி காட்டுவார்கள். பிற கட்டுரைகளிலிருந்து ஆண்டுகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்; ஒரே பிழை ஊர் முழுக்கச் சுற்றுவது அப்படித்தான்.

6. படம் எடுப்பது

சாதாரண போன் போதும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியே காப்பகத்தில் வைத்துவிட்டு நோட்டோடு உள்ளே போங்கள். கை சும்மா இருப்பதால் கண் நன்றாக வேலை செய்யும். தெருவில் ஒருவரின் முகம் தெரிய எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள், சாமி வந்து ஆடுபவர்கள், ஆற்றில் குளிப்பவர்கள் வேண்டாம்.

7. திருவிழாவை ஒரு மண்டகப்படியிலிருந்து பாருங்கள்

சித்திரைத் திருவிழா வந்தால் எல்லோரும் அழகர் ஆற்றில் இறங்கும் காலையையே குறிவைப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று லட்சக்கணக்கான கண்கள் பார்த்து நிற்கும். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று நம்பிக்கை. ஆனால் கூட்டத்தில் நின்றால் உங்களுக்கு முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும். ஆபத்தும் உண்டு, 2022-ல் ஆற்றங்கரை நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள்.

அதைவிட நல்ல வழி இருக்கிறது. அழகர்கோயிலிலிருந்து மதுரை வரும் வழி நெடுக மண்டகப்படிகள் உண்டு. அழகர் ஒவ்வொன்றிலும் நின்று போவார். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள். பந்தல் யார் போடுகிறார்கள், செலவு யாருடையது, எந்தக் குடும்பத்துக்கு என்ன உரிமை. அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று காலையிலிருந்து அங்கேயே இருங்கள். நாட்டுச் சர்க்கரை நிரப்பிய சொம்பில் சூடம் ஏற்றிக் காத்திருக்கும் பெண்கள், கள்ளழகர் வேடம் கட்டித் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள், மோரும் பானகமும் ஊற்றும் தெருக்காரர்கள் எல்லோரும் உங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். கூட்டத்தைத் துரத்த வேண்டியதில்லை, அது தானாக வரும்.

ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூருக்கு அருகே தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம், அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். படிப்பதற்காக இங்கேயே தங்கியிருக்கும் நாம் இருந்து பார்க்கலாம். ஆவணியில் வரும் புட்டுத் திருவிழாவுக்கு ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்கும் போய்வாருங்கள்.

8. ஊருக்கு வெளியே ஒரு நாள்

முதல் பயணத்துக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை நல்லது. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. பாறை சுடும் முன் ஏறி இறங்கிவிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். அய்யனாரும் தீர்த்தங்கரரும் ஒரே மலையில் எப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைக் கீழே இருக்கும் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

அடுத்தது சிவகங்கை மாவட்டத்துக் கீழடி. அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. பானை ஓட்டில் கீறிய பெயர்களை நிதானமாக நின்று படியுங்கள்.

9. எழுதுவது

போய்வந்த இரண்டு நாட்களுக்குள் முதல் வரைவை எழுதிவிடுங்கள். "வரலாற்றுச் சிறப்புமிக்க", "கண்கொள்ளாக் காட்சி", "நாவில் எச்சில் ஊறும்" ஆகியவற்றை அடித்துவிட்டு அந்த இடத்தில் நீங்கள் கண்டதை வையுங்கள். ஜிகர்தண்டா சுவையாக இருந்தது என்பது யாருக்கும் பயன்படாது. சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று எந்த வரிசையில் டம்ளருக்குள் விழுகிறது, பால் எத்தனை மணிக்கு அடுப்பில் ஏறுகிறது, மழை நாளில் எவ்வளவு விற்கும் என்று எழுதினால் படிப்பவர் கடை வாசலில் நிற்பார்.

ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். "பத்துத்தூணைச் சுற்றி எப்படித் துணிக்கடைகள் வந்தன?" என்று எடுத்துக்கொண்டால் அதற்குத் தேவையில்லாத நல்ல தகவல்களைக்கூட எடுத்துத் தனியாக வையுங்கள். அவை அடுத்த கட்டுரைக்கு ஆகும். பேச்சைப் பேச்சாகவே எழுதுங்கள். "அங்கிட்டு", "இங்கிட்டு", "வந்துட்டாகளா" என்று சொன்னவரை உரைநடைத் தமிழில் பேசவைத்தால் அவர் மதுரைக்காரராக இருக்கமாட்டார்.

வருமானம், குடும்பச் சண்டை, கடை வாடகைத் தகராறு போன்றவற்றை நம்பிச் சொல்லியிருப்பார்கள். அவை நோட்டிலேயே இருக்கட்டும்.

10. எழுதிய பிறகு

கட்டுரையை எடுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போங்கள். பேசியவர்களிடம் அவர்களைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். பெயர் போட வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அப்புறம், "இவரைக் கேட்டியா? அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று இன்னொருவரிடம் அனுப்புவார்கள். என் கட்டுரைகளில் பாதி அப்படி வந்தவைதான்.

கடைசியாக, போன தேதியையும் கேட்ட விலையையும் கட்டுரையிலேயே குறித்து வையுங்கள். கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததைப் பழைய கட்டுரைகளில் படிக்கலாம். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தேதி போடாத கட்டுரையை நம்பி வரும் வெளியூர்க்காரர்கள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் சத்திரத்துக்கு வழி சொல்லி அனுப்புங்கள். அங்கே போய்த் தையல்காரர்களிடம் பேசி, இடம் மாறிய பிறகு தொழில் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அது இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய விஷயம். முதல் கட்டுரைக்கு என்ன எடுப்பது என்று தெரியாதவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.